மிந்த்ரா மலையேறிய வழி: ஓர் ஆடைத் தேடல் தளத்தின் நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதம் ஊட்டியில் மழை பிடித்துக்கொண்டால் ஸ்வெட்டரோ ஜெர்கினோ இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது. அதே ஜூனில் டெல்லியில் வெயில் கொளுத்தும். நாடு முழுவதற்கும் ஒரே தேடல் பெட்டியை வைத்து ஆடை விற்கும் தளம் இந்த இரண்டு ஊர்க்காரருக்கும் ஒரே நேரத்தில் சரியான துணியை எடுத்து நீட்ட வேண்டும். நீட்டினால் மட்டும் ஆகாது. அது அளவில் பொருந்தி, 643001 என்ற பின்கோடு வரை போய்ச் சேர்ந்து, திரும்பி வராமல் வீட்டு அலமாரியில் தங்க வேண்டும். ஆடைத் தளங்களின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனைத் தொகையைத்தான் சொல்வார்கள். எத்தனை உருப்படி வாங்கியவர் கையில் தங்கியது என்ற கணக்கே உண்மையான கணக்கு.

இந்த ஆய்வுக்கு மிந்த்ராவை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் ஆடைக்கென்றே வளர்ந்த தளங்களில் அது மூத்தது. பாதை மாறிய இடங்களும் சறுக்கிய இடங்களும் பொதுவெளியில் பதிவாகியிருக்கின்றன. பார்க்கும் இடம் நீலகிரி. சமவெளியில் மொத்தக் கணக்கோடு கரைந்துபோகும் செலவுகள் மலையில் தனித்தனியாகத் தெரியும்.

கோப்பையிலிருந்து குர்த்திக்கு

2007இல் பெங்களூருவில் முகேஷ் பன்சால், அசுதோஷ் லாவானியா, வினீத் சக்சேனா ஆகியோர் மிந்த்ராவைத் தொடங்கியபோது அது ஆடைக்கடையே அல்ல. கோப்பை, டி-ஷர்ட், நாட்காட்டி ஆகியவற்றில் வாடிக்கையாளர் கேட்கும் பெயரையும் படத்தையும் அச்சிட்டுக் கொடுக்கும் அன்பளிப்பு வணிகம். இந்த வணிகத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு ஆர்டரும் தனி வேலை. பிறந்தநாளுக்கு ஒரு கோப்பை வாங்கியவர் அடுத்த மாதம் திரும்பி வரமாட்டார். முக்கியமாக, அங்கே தேடுவதற்கு எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்பதை வாடிக்கையாளரே கொண்டுவருகிறார்.

2010–11 வாக்கில் பிராண்டு ஆடை, காலணி விற்பனைக்கு மாறியது. வெளியிலிருந்து பார்த்தால் சரக்கு மாறியது போல இருக்கும். உள்ளே மாறியது வேலையின் தன்மை. அதுவரை அச்சு இயந்திரம் நடத்திய நிறுவனத்தை அதன்பின் கேட்டலாக் நடத்தியது. ஒவ்வொரு உருப்படியையும் படமெடுத்து, அளந்து, விவரம் எழுதி, அளவுவாரியாக இருப்பு வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணம் தரும் சிஓடி முறையும் 30 நாள் திருப்பி அனுப்பும் சலுகையும் சேர்ந்துகொண்டன. துணியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கத் தயங்கியவர்களை உள்ளே இழுத்தவை இவை இரண்டும்தான். பின்னாளில் லாபத்தை அரித்தவையும் இவையே.

2012இல் ரோட்ஸ்டர் என்ற சொந்த பிராண்டு வந்தது. சொந்த பிராண்டில் லாப விகிதம் கூடுதல் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அளவு ஒழுங்கு என்ற இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. பத்து பிராண்டின் ‘எம்’ அளவு பத்து விதமாக இருக்கும். தானே தைக்கக் கொடுக்கும் பிராண்டில் ஒரே அளவுக் கட்டத்தைக் கடைப்பிடிக்கலாம். ஒருமுறை பொருந்தியவர் அடுத்த முறை யோசிக்காமல் வாங்குவார், திருப்பியும் அனுப்பமாட்டார்.

2014 மே மாதம் ஃப்ளிப்கார்ட் மிந்த்ராவை வாங்கியது. பெயரும் தளமும் தனியாகவே நின்றன. 2016 ஜூலையில் மிந்த்ரா ஜபாங் என்ற போட்டி ஆடைத் தளத்தை 7 கோடி டாலருக்கு வாங்கி, 2020 பிப்ரவரியில் அதை மூடி வாடிக்கையாளர்களை மிந்த்ராவுக்கே திருப்பியது. 2018இல் ஃப்ளிப்கார்ட்டின் பெரும்பங்கை வால்மார்ட் எடுத்துக்கொண்டபோது மிந்த்ராவும் அதன் கீழ் வந்தது. உடைமை மாற்றங்களின் கதை இவ்வளவுதான். வளர்ச்சியின் விளக்கம் இதில் கிடைக்காது.

தேடல் பெட்டிக்குப் பின்னால்

தேடல் எந்திரம் துணியைப் பார்ப்பதில்லை. துணியைப் பற்றி எழுதிவைத்ததைப் பார்க்கிறது. ஒரு குர்த்தியைத் தளத்தில் ஏற்றும்போது வகை, நிறம், துணி, கழுத்து, கை நீளம், உடல் நீளம், வேலைப்பாடு, பொருத்தம், சந்தர்ப்பம் என்று பதினைந்து, இருபது கட்டங்களை நிரப்பச் சொல்வார்கள். விற்பனையாளர் நட்சத்திரக் குறி போட்ட ஐந்தாறை மட்டும் நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். இங்கேதான் முதல் ஓட்டை விழுகிறது. கழுத்து என்ற கட்டம் காலியாக இருக்கும் குர்த்தி, வாங்குபவர் ‘ரவுண்ட் நெக்’ என்ற வடிகட்டியைத் தட்டிய மறுநொடி பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மறைந்தது விற்பனையாளருக்குத் தெரியாது. பார்வை எண்ணிக்கை குறைகிறது என்பது மட்டும் தெரியும். உடனே விலையைக் குறைப்பார். விலையில் குறையில்லை, காலிக் கட்டத்தில்தான் குறை.

அடுத்தது, தேடுகிறவர் எழுதும் சொல். தமிழ்நாட்டில் முழுக்கை ஆடையை ‘ஃபுல் ஹேண்ட்’ என்போம். கேட்டலாக்கில் அது ‘ஃபுல் ஸ்லீவ்’. இந்த வழக்கை அறியாத எந்திரம் ‘ஹேண்ட்’ என்பதைப் பிடித்துக்கொண்டு கையுறையைக் காட்டும். ‘ஜெர்கின்’ என்பதை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். கேட்டலாக்கில் இருப்பதோ ‘ஜாக்கெட்’. தமிழ்நாட்டில் ஜாக்கெட் என்றால் புடவைக்குப் போடும் ரவிக்கை என்பதால் குழப்பம் இரட்டிப்பு. இதை அகராதி வைத்துத் தீர்க்க முடியாது. தேடல் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்: ஒரு சொல்லை எழுதி, எதையும் தொடாமல், அடுத்த நிமிடம் வேறு சொல்லை எழுதி எதையோ வாங்கியவர்கள் எத்தனை பேர்? முதல் சொல்லுக்கும் வாங்கிய பொருளின் வகைக்கும் இணைப்பு போட்டால் அடுத்தவருக்கு அந்தச் சுற்று மிச்சம். ஆடைத் தேடலில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சலிப்பூட்டும் வேலையிலிருந்து வருகிறது.

‘மெரூன் கலர் லேடீஸ் ஃபுல் ஹேண்ட் ஸ்வெட்டர்’ என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எந்தச் சொல்லை முதலில் கைவிடுவது? வகையைக் கடைசிவரை விடக்கூடாது. ஸ்வெட்டர் கேட்டவருக்கு மெரூன் புடவை காட்டுவது அபத்தம். நிறத்தை அப்படியே கைவிடாமல் அதன் குடும்பத்துக்கு விரிக்கலாம்: மெரூன் இல்லையென்றால் ஒயின், அதுவும் இல்லையென்றால் அடர்சிவப்பு. கை நீளத்தை மலையில் கைவிடக் கூடாது. கடற்கரை ஊரில் அரைக்கை ஸ்வெட்டரைப் பார்த்தவர் சிரித்துவிட்டுப் போவார். குன்னூரில் தளத்தையே மூடிவிடுவார்.

வரிசைப்படுத்தல்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. எத்தனை பேர் தட்டினார்கள், பையில் போட்டார்கள், வாங்கினார்கள், எத்தனை திரும்பியது என்பவற்றை எடைபோட்டு வரிசை அமைகிறது. மேலே இருக்கும் பொருளை அது மேலே இருப்பதாலேயே அதிகம் பேர் தட்டுவார்கள். அந்தத் தட்டல்களை அப்படியே எண்ணினால் மேலே இருப்பது மேலேயே உட்கார்ந்துவிடும். புதுச் சரக்கு வெளிச்சத்துக்கே வராது. அதனால் எந்த இடத்தில் இருந்தபோது தட்டினார்கள் என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் சில இடங்களைப் புதுவரவுக்கு ஒதுக்க வேண்டும். இந்த ஒதுக்கீடு அன்றைய விற்பனையைச் சற்றுக் குறைக்கும் என்பதால் மாத இலக்கை நோக்கி ஓடும் குழுக்கள் முதலில் கைவைப்பது இதில்தான். மூன்று மாதம் கழித்துப் பட்டியல் பழசாகி நிற்கும். ஏன் என்று அப்போது தேடுவார்கள்.

நீலகிரிக்கு இதில் தனிப் பாதிப்பு உண்டு. நாடு தழுவிய தட்டல்களில் கம்பளி ஆடை நவம்பரில் எழும்பி பிப்ரவரியில் அடங்கும். மார்ச்சுக்குப் பிறகு மிச்சமிருப்பவை சைஸ் வரிசை உடைந்த சரக்கு: எஸ் இருக்கும், டபுள் எக்ஸ்எல் இருக்கும், நடுவில் எம்மும் எல்லும் இருக்காது. தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியிலும் கூடலூரிலும் தேடுகிறவருக்குக் கிடைப்பது இந்த மிச்சம்தான். இரண்டு திருத்தங்கள் போதும். தேடுகிறவரின் பின்கோட்டை வைத்துக் குளிர்ப்பகுதி என்று ஒரு தொகுப்பு செய்து, ஊட்டி, கொடைக்கானல், மூணாறு ஆகியவற்றின் தேவையை ஒன்றாக எண்ணலாம். தனித்தனியே எண்ணிக்கை போதாத ஊர்கள் சேர்ந்தால் போதும். இரண்டாவது, கேட்பவரின் வழக்கமான அளவு இருப்பில் இல்லாத உருப்படியைக் கீழே இறக்குவது. அழகான ஸ்வெட்டரைத் தட்டிய பிறகு ‘உங்கள் சைஸ் இல்லை’ என்று சொல்வதைப் போல வாடிக்கையாளரை விரட்டும் வழி வேறில்லை.

படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியும் இப்போது இருக்கிறது. படத்தை எண்களின் வரிசையாக மாற்றி, கேட்டலாக்கில் அதற்கு அருகில் இருப்பவற்றை எடுத்துத் தருகிறது. நிறம், கட்டம், கோடு, பூ ஆகியவற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். துணியின் கனத்தில் தோற்றுப்போகும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு) ஃப்ளீஸும் 300 ஜிஎஸ்எம் ஃப்ளீஸும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். டிசம்பர் இரவில் தலைக்குந்தாவில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அக்ரிலிக் ஸ்வெட்டரையும் கம்பளி ஸ்வெட்டரையும் படம் பிரித்துச் சொல்லாது. கனத்தையும் இழையின் விகிதத்தையும் எழுதிவைத்தால் ஒழிய எந்திரத்துக்கு வேறு வழியில்லை. பெரும்பாலான விற்பனையாளர்கள் எழுதுவதில்லை.

செயலி மட்டும் என்ற பிடிவாதம்

2015 மே 15 அன்று மிந்த்ரா தன் இணையதளத்தை மூடி, செயலி வழியாக மட்டுமே விற்பனை என்று அறிவித்தது. காரணம் புரியக்கூடியதே. செயலியில் ஒருவரின் விருப்பத்தைத் தொடர்ந்து அறியலாம், அறிவிப்பு அனுப்பலாம், விலையை ஒப்பிட அவர் அடுத்த ஜன்னலுக்குத் தாவுவதைக் குறைக்கலாம். 2016 பிப்ரவரியில் செல்பேசி இணையதளமும், ஜூன் 1 அன்று கணினித் தளமும் திரும்பி வந்தன. ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம்.

இதில் என்ன பிசகியது? ஆடை வாங்குவது ஒரே நாளில் முடியும் காரியமல்ல. அலுவலகக் கணினியில் பார்த்து, செல்பேசியில் வீட்டாருக்குக் காட்டி, இரண்டு நாள் கழித்து வாங்குவார்கள். ஒரு திரையை மூடினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பொதுத் தேடல் தளத்தில் ‘காட்டன் அனார்கலி’ என்று தேடுகிறவரைத் தன் வகைப் பக்கத்துக்கு இழுப்பதுதான் செலவில்லாத விளம்பரம். இணையதளம் இல்லையென்றால் அந்த வாசல் போட்டிக்காரருக்குப் போகும். புதிதாக வருகிறவரிடம் முதல் வேலையாக ஒரு செயலியை இறக்கச் சொல்வது, கடைக்குள் நுழையுமுன் உறுப்பினர் படிவம் நீட்டுவது மாதிரி. 4ஜி பரவலாகாத காலம் வேறு. ஜியோவின் சேவையே 2016 செப்டம்பரில்தான் தொடங்கியது. பள்ளத்தாக்கு மடிப்புகளில் சிக்னல் அறுந்து அறுந்து வரும் மலையூர்களில் பெரிய செயலியை இறக்குவதும் புதுப்பிப்பதும் தண்டனை.

இந்த முடிவை முட்டாள்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. அப்படிச் சொல்ல முடியாது. இந்தியச் சந்தை கைப்பேசிக்குப் போகிறது என்ற கணிப்பு சரி, அதில் தவறில்லை. ஏற்கனவே வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கணக்கை, இன்னும் வராதவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக வைத்ததில்தான் பிழை.

திரும்பி வரும் உருப்படி

தளம் வழியாக விற்கும் ஒரு விற்பனையாளருக்குக் கற்பனைக் கணக்கு போடுவோம். வரியை விட்டுவிடலாம். விற்பனை விலை 900 ரூபாய். கொள்முதல் 550. தளத்தின் கமிஷனும் கட்டணமும் 18 சதவீதம், 162. அனுப்பும் செலவு 85. பேக்கிங் 20. தங்கிய உருப்படி ஒன்றுக்கு மிச்சம் 83 ரூபாய். திரும்பிய உருப்படிக்கு அனுப்பிய 85, திருப்பியெடுத்த 100, பேக்கிங் 20, மீண்டும் தேய்த்து மடிக்க 15 என 220 ரூபாய் நஷ்டம். 100 பார்சலில் 25 திரும்பினால் லாபம் 6,225, நஷ்டம் 5,500. கையில் நிற்பது 725. அந்த 25இல் இரண்டு கறை படிந்து விற்கத் தகாமல் போனால் 1,100 ரூபாய் சரக்கும் போய், மொத்தத்தில் கைநஷ்டம். 25 என்பதை 20 ஆகக் குறைத்தால் மிச்சம் 2,240. ஐந்து பார்சல் குறைந்ததில் லாபம் மூன்று மடங்கு. விற்பனையை மூன்று மடங்காக்கச் செலவாகும் விளம்பரப் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

திரும்புவதற்குப் பெரிய காரணம் அளவு. அதிலும் பெரிய காரணம், அளவுப் பட்டியலில் எழுதியிருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று சொல்லாதது. மார்பு 38 என்று போட்டிருந்தால் 38 அங்குல உடம்புக்கா, 38 அங்குலத் துணியா? இரண்டுக்கும் நடுவே நாலு அங்குலம் வரை வித்தியாசம் வரலாம். சட்டைக்கு மேல் போடும் ஸ்வெட்டருக்கு உடம்பைவிட 3 முதல் 4 அங்குலம் கூடுதல் வேண்டும். உடம்போடு ஒட்டி உள்ளே போடும் தெர்மல் குளிராடைக்குக் கூடுதலே கூடாது. துணியைச் சமதளத்தில் விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அளந்து இரட்டித்தால் துணியின் மார்பளவு. இரண்டு அளவையும் பட்டியலில் தனித்தனி வரிசையில் எழுதுவதுதான் சரி.

சுருக்கம் இரண்டாவது. பருத்திப் பின்னலாடை முதல் சலவையில் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். 28 அங்குல நீளத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். முன்சுருக்கம் செய்த துணியா என்று திருப்பூரில் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது நிறம். மலையில் படமெடுக்கிறவர்களுக்கு மூடுபனி வெளிச்சம் இதமாகத் தோன்றும். நிழல் விழாது, உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் நீலம் ஏறியிருக்கும். வெள்ளை பால்நீலமாகும், மெரூன் கத்திரிப்பூவாகும். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்து முதல் படம் எடுத்து, அதை வைத்துப் படங்களின் நிறத்தைத் திருத்தினால் (வெள்ளைச் சமன்) இந்தத் தொல்லை ஓயும். அட்டையின் விலை ஒரு திரும்பலின் செலவைத் தாண்டாது.

மிந்த்ரா இந்தப் பக்கத்தில் பலவற்றை முயன்றது. 2013இல் ஃபிட்டிகெட் என்ற மெய்நிகர் உடைமாற்று அறை நிறுவனத்தை வாங்கியது. வீட்டு வாசலிலேயே போட்டுப் பார்த்துப் பிடிக்காததை உடனே திருப்பித் தரும் வசதியைச் சில நகரங்களில் தந்தது. ஒருவர் முன்பு வாங்கித் தங்கவைத்த ஆடையின் பிராண்டையும் அளவையும் வைத்து இந்த ஆடையில் எது பொருந்தும் என்று பரிந்துரைப்பதுதான் இவற்றில் மலிவானதும் அதிகம் உதவுவதும். கண்ணைக் கவரும் முப்பரிமாண உருவத்தைவிட, ‘போன முறை இந்த பிராண்டில் எம் வைத்துக்கொண்டீர்கள், இதில் எல் எடுங்கள்’ என்ற ஒரு வரி அதிக உருப்படிகளைத் தங்கவைக்கும்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே

திருப்பூரில் பின்னிய டி-ஷர்ட் ஊட்டிக்கு நேராக வந்தால் 150 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தளம் வழியாக வரும்போது அது பெங்களூரு பக்கத்துக் கிடங்குக்குப் போய், படுத்திருந்து, ஆர்டர் வந்ததும் திரும்பித் தெற்கே வரும். கிடங்கிலிருந்து மைசூரு, கூடலூர் வழி குறுக்கு. ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை பொதுவாக வாகனங்களுக்குத் தடை. பார்சல் லாரிகள் பயணம் செய்வது இரவில்தான். அதனால் சேலம், கோயம்புத்தூர் என்று சுற்றி வந்து, கோவையில் பிரித்து, மேட்டுப்பாளையத்திலிருந்து சிறிய வண்டியில் மலையேறுவதே ஒழுங்கான வழி. காலை வண்டியைத் தவறவிட்ட மூட்டைக்கு ஒரு நாள் போச்சு. அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து குன்னூர்ச் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழி. இரண்டும் அடைபட்டால் காத்திருப்பு. ஏப்ரல், மே சீசன் நெரிசலில் பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறுவதற்கே பாதி நாள் போகும்.

தளம் தரும் தேதி வாக்குறுதியில்தான் இதன் விளைவு தெரிகிறது. பின்கோடு ஒன்றுக்குச் சராசரி நாட்களைச் சொன்னால் மழைக்காலத்தில் பாதிப் பேருக்குப் பொய்யாகும். பத்தில் ஒன்பது பார்சல் போய்ச் சேர எடுத்த நாட்களைச் சொல்வது நல்லது. தேதி தள்ளித் தெரிவதால் சில ஆர்டர் குறையும். சொன்ன நாளுக்கு முன்பே வந்த பார்சலை யாரும் வாசலில் மறுக்கமாட்டார்கள்; கல்யாணம் முடிந்த பிறகு வந்த பட்டுப்பாவாடையை மறுப்பார்கள்.

முகவரி இன்னொரு தலைவலி. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் கதவு எண்ணும் தெருப்பெயரும் வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. தேயிலை பறிக்கப் போனவர் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். பகல் 12 மணிக்கு வரும் டெலிவரி ஆள் பூட்டைப் பார்க்கிறார். போன் போட்டால் காட்டுக்குள் சிக்னல் இல்லை. மூன்று முறை இப்படி நடந்தால் சிஓடி பார்சல் அனுப்பியவருக்கே திரும்பும். சரக்கில் எந்தக் குறையும் இல்லாமலே நஷ்டம். 2017 முதல் மிந்த்ரா அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையே டெலிவரியில் சேர்த்துக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. கடைக்காரருக்கு ஆள் தெரியும், ஷிப்ட் முடியும் நேரம் தெரியும், பணம் கொடுப்பாரா என்பதும் தெரியும். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்ற கூலி அவருக்கு உபரி வருமானம்.

கட்டணம் எடையால் மட்டும் போடப்படுவதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கொள்ளளவு எடை என்று பல கூரியர்கள் கணக்கிடுகின்றன. அதிலும் உண்மை எடையிலும் எது அதிகமோ அதற்குப் பணம். 900 கிராம் ஜெர்கினை 40க்கு 30க்கு 10 பெட்டியில் வைத்தால் 2.4 கிலோவுக்குக் கட்ட வேண்டும். காற்றை வெளியேற்றி இறுக்கி மடித்து 35க்கு 28க்கு 6 உறையில் அடக்கினால் 1.2 கிலோவுக்குள் வந்துவிடும். இறுக்கிய ஜெர்கின் உப்ப ஒரு நாள் ஆகும் என்று உறைக்குள் ஒரு சீட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் ‘படத்தில் இருப்பதுபோல் இல்லை’ என்று அதுவும் திரும்பும்.

மலையிலிருந்து கீழே விற்பவர்

இதுவரை மேலே வரும் சரக்கு. கீழே போகும் சரக்கில் தோடர் எம்பிராய்டரி தனித்து நிற்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், வரைகோடு இல்லாமல், இழைகளை எண்ணியே தோடர் பெண்கள் போடும் வேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தேடலில் இதற்கு நேரும் கதி மோசமானது. கைப்பேசித் திரையின் சிறு படத்தில் கையால் வேலைப்பாடு செய்த பூத்துக்குளி என்ற தோடர் சால்வையும் அதே வடிவத்தை அச்சடித்த சால்வையும் ஒன்றாகத்தான் தெரியும். அச்சு சால்வை விலை குறைவு, தட்டல் அதிகம், வரிசையில் மேலே. இதற்கு மருந்து முதல் படத்தை மாற்றுவது. முழுச் சால்வையை விரித்த படம் இரண்டாவதாக இருக்கட்டும். முதல் படத்தில் ஒரு கை அகலப் பகுதியை நெருக்கமாகக் காட்டி, மறுபக்கத்தையும் மடித்துக் காட்ட வேண்டும். அச்சுத் துணியின் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். வேலைப்பாடு என்ற கட்டத்தில் கை எம்பிராய்டரி, துணியில் பருத்தி, நிறத்தில் வெள்ளை என்று தனித்தனியே நிரப்ப வேண்டும். ‘பாரம்பரியச் சால்வை’ என்று பொத்தாம்பொதுவாகப் பெயரிட்டால் தேடலுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒன்றுபோல் இன்னொன்று இராது என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண், இருப்பு 1. ஒரே படத்தை வைத்துப் பத்து இருப்பு என்று போட்டால் வருவது புகார்.

பேக்கிங்கில் மழையையும் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. பாலிதீன் உறையை நம்ப முடியாது. வெறும் கிராஃப்ட் உறை ஜூலை மழையில் ஊறும். மூன்றடுக்கு அட்டைப்பெட்டிக்குள் மெழுகுத்தாள் சுற்றி வைத்தால் தாங்கும். ஈரத்தில் டேப் ஒட்டாது. அறைக்குள் உலர்ந்த பெட்டியில் ஒட்டித் தேய்த்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். பார்கோடு நனைந்து கலைந்தால் கோவையில் ஸ்கேன் ஆகாமல் மூட்டை ஓரங்கட்டப்படும். முகவரிச் சீட்டின் நகலொன்றைப் பெட்டிக்குள்ளும் போடுவது அதற்குத்தான்.

வரிப் பக்கத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர், பதிவில்லாமலே ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ஆன்லைன் தளம் வழியாகத் தன் மாநிலத்துக்குள் விற்கலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. சென்னை, கோவை வாடிக்கையாளரே போதும் என்பவருக்கு இது நல்ல தொடக்கம். தளம் அத்தகையவரைச் சேர்க்கிறதா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் போன பாதை

சரக்கே வைக்காமல் தேடலை மட்டும் நடத்தியவர்களும் உண்டு. 2010இல் லண்டனில் தொடங்கிய லிஸ்ட் (Lyst) என்ற தளம் பல கடைகளின் கேட்டலாக்கை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டி, விற்பனையில் கமிஷன் பெறும் முறையில் வளர்ந்தது. கிடங்குச் செலவு இல்லை. ஆனால் ஒரே உடுப்பு ஏழு கடையில் ஏழு பெயரில் வரும்போது ஒன்றாகச் சேர்ப்பதும், தீர்ந்துபோன சரக்கை உடனே நீக்குவதுமே முழு வேலை. 2025இல் அதை ஜப்பானின் ஸோஸோ வாங்கியது. படங்களை ஒட்டி உடைத்தொகுப்பு செய்யும் பாலிவோர் 2007இல் தொடங்கி, 2015இல் யாகூவிடம் போய், 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. கூட்டம் இருந்தது, பார்த்தவர் வாங்கும் வழி சீராக இல்லை.

மலைக்கு நெருக்கமான பாடம் மீஷோவில் இருக்கிறது. 2015இல் அது தொடங்கியபோது பெயர் ஃபேஷ்நியர். அக்கம்பக்கத்துத் துணிக்கடைகளின் சரக்கைச் செயலியில் காட்டும் திட்டம். எடுபடவில்லை. பக்கத்துக் கடைக்கு நடந்தே போகலாம் என்றால் செயலி எதற்கு? வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்குத் துணி விற்கும் பெண்களைப் பார்த்து அவர்களுக்கான தளமாக மாறிய பிறகே வளர்ந்தது. கோத்தகிரியில் சுடிதார் படங்களைக் குழுவில் போட்டு ஆர்டர் எடுக்கும் அக்காவிடம் தேடல், அளவு ஆலோசனை, திருப்பி வாங்குதல் மூன்றும் இருக்கின்றன. ‘உனக்கு இது டைட்டா இருக்கும்மா, எக்ஸ்எல் எடு’ என்று அவர் சொல்வதைத்தான் மேலே சொன்ன பரிந்துரை வரி செய்யப் பார்க்கிறது.

2024 டிசம்பரில் மிந்த்ரா பெங்களூருவில் அரை மணி நேர டெலிவரியைத் தொடங்கியது. நகரத்துக்குள் சிறு கிடங்குகள், அதிகம் விற்கும் சரக்கு மட்டும் என்ற ஏற்பாடு. குறுகிய கொண்டை ஊசி வளைவுகளில் இது நடக்காது. இங்கே வேகத்துக்கு வழி, ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் குன்னூர் பெட்போர்டிலும் உள்ள கடைகளின் ஸ்வெட்டர் இருப்பையே தேடலில் சேர்ப்பது. 2022இல் ஓஎன்டிசி என்ற, அரசு ஆதரவுடைய திறந்த இணைய வணிக வலையமைப்பின் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று என்பதால், சிறு கடையை இணைக்கும் கருவிகள் மலையடிவாரம் வரை வந்துவிட்டன. ஃபேஷ்நியர் தோற்ற இடத்தில் இது நிற்குமா என்றால், இருப்பைப் பொறுத்தது. கம்பளிக் கடையில் அளவுவாரியாக, நிறவாரியாக மீதி எத்தனை என்று ஒவ்வொரு நாளும் கடை மூடுமுன் ஒருவர் எண்ணிப் பதிய வேண்டும். 200 வகைக்கு ஒரு மணி நேர வேலை. சீசன் மாதங்களில் கவுன்டரில் விற்றதைப் பதியாமல் விட்டால், ஆன்லைனில் வந்த ஆர்டரை ரத்து செய்ய நேரும். இரண்டு முறை ரத்தான கடையைத் தேடல் தானாகவே கீழே தள்ளிவிடும். எண்ணிப் பதிய ஆள் இல்லாத கடை, அளவுக்கு ஒன்று வீதம் ஒதுக்கிவைத்த 30 வகையை மட்டும் தளத்தில் காட்டி, கவுன்டர் சரக்கோடு அதைக் கலக்காமல் தொடங்கலாம்.